இன்செல்பேர்க்: தீவுமலையா, திட்டுமலையா?

சேருக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

தட்டையான வெளியில் திடீரென எழுந்து நிற்கும் பாறைமலையை 'இன்செல்பேர்க்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் பேச்சு. முதலில், எந்த மலை என்று கேட்டுச் சேர் அனுப்பிய படப்புதிரில் நானும் தோற்றேன். தட்டையான வெளி, நடுவில் மொட்டைத்தலையோடு ஒரு பாறை. பார்த்த கையோடு "கோடையில் எடுத்த குடும்பிமலை" என்று எழுதிவிட்டேன். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

அக்கரைப்பற்றுத் தங்கச்சிதான் சரியாகப் பிடித்தார். நம் பக்கத்துப் பாறைகள் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை, இலங்கையின் கிழக்கில் பரந்துள்ள விஜயன் தொகுதி என்ற பழைய பாறைக் கூட்டத்தைச் சேர்ந்தவை. உற்றுப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடும். படத்தில் இருந்ததில் வரியே இல்லை, செம்மஞ்சள் நிறக் கருங்கல் (granite). (செம்மஞ்சளில் கருங்கல்! இந்தச் சொல்லையும் ஒருநாள் கவனிக்க வேண்டும்.) அப்புறம் மூலையில் தெரிந்த அந்தக் கல் வளைவு. நமீபியாவின் ஸ்பிட்ஸ்கோப்பே. கடல் மட்டத்திலிருந்து 1728 மீற்றர், சுற்றியுள்ள வெளியிலிருந்து ஏறத்தாழ 700 மீற்றர்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'இன்செல்பேர்க்' ஜேர்மன் சொல். தீவு, மலை என்ற இரண்டையும் ஒட்டியது. கிழக்கு ஆபிரிக்காவில் ஆய்வு செய்த ஜேர்மன் புவிச்சரிதவியலாளர் போர்ன்ஹார்ட் 1900இல் வெளியிட்ட நூலில் இதைப் பயன்படுத்தினார். நேரே பெயர்த்தால் தீவுமலை. ஆனால் எங்கள் நகரமே புளியந்தீவில்தான் இருக்கிறது. தீவுமலை என்றால் பிள்ளைகள் தீவில் உள்ள மலை என்றுதான் எடுப்பார்கள்.

எச்சக்குன்று என்ற பெயரைச் சொன்னவர் இப்படிக் கேட்டார்:

> எச்சக்குன்று என்றால் உருவான விதமும் விளங்குமே?

விளங்கும், ஆனால் எச்சம் என்றதும் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகள் காகத்தை நினைத்துச் சிரிப்பார்கள். அது போகட்டும். வெடிப்பு நிறைந்த பாறைக்குள் தண்ணீர் இறங்கி, அது உக்கிக் கரைந்து போக, வெடிப்புக் குறைந்த பாறை மிஞ்சி நிற்கிறது என்பது ஆராய்ந்து கண்ட கதை. படத்தைப் பார்ப்பவனுக்கு வெளியும் மலையும் மட்டும்தான் தெரியும். கண்ணில் படுவதற்குப் பெயர் வேண்டும், காரணத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். நம் குடும்பிமலையையே பாருங்கள்: தமிழர் குடும்பியைக் கண்டார்கள், சிங்களவர் தொப்பியைக் கண்டு தொப்பிகல என்றார்கள், வெள்ளைக்காரனும் பிரபுவின் தொப்பி என்றே எழுதிவைத்தான். ஒருவரும் அரிப்பைப் பற்றி யோசிக்கவில்லை.

தனிமலையும் சரிவராது. ஸ்பிட்ஸ்கோப்பேக்குப் பக்கத்திலேயே பொன்டொக் மலைகள் கூட்டமாக நிற்கின்றன.

என் முன்மொழிவு: திட்டுமலை. மாரியில் வட்டை (வயல்வெளி) முழுக்க வெள்ளம் நிற்கும்போது நனையாமல் தெரியும் மேட்டைத் திட்டு என்கிறோம். வெளியைக் கடலாக நினைத்து அந்த ஜேர்மன்காரர் சொன்னதை, வயலும் வெள்ளமுமாக நாம் சொல்கிறோம், அவ்வளவுதான். திட்டு என்றால் வசவு அல்லவா என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்கக்கூடும். இங்கே நாங்கள் ஏசுவோம், திட்டுவதில்லை.

சின்னப் பாறைகளுக்குத் திட்டுக்குன்று என்று தனியாக வேண்டுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். நம் ஊரில் இரண்டு வீட்டு உயரக் கல்லும் மலைதான். உகந்தையில் நான் எடுத்த படமொன்றை இணைத்திருக்கிறேன். கோயிலுக்குப் பக்கத்துப் பாறை. இதைத் திட்டுமலையில் சேர்க்கலாமா என்று சேர் சொல்லட்டும்.