ஓலையில் 'தொன் பிலிப்பு' என்று இருந்தால் நாங்கள் பறங்கியரா?

கிணற்றடி வீட்டுக்காரி:

எங்கள் வீட்டு உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், எல்லாம் அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் இருந்தவை. 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் அம்மா பெட்டியை விட்டுவிட்டு, உறுதிகளை மட்டும் ஒரு சீலைப்பையில் போட்டு வயிற்றோடு கட்டிக்கொண்டு சாவகச்சேரி வரை நடந்தார். நகைகளுக்குக்கூட அவர் அவ்வளவு கவலைப்படவில்லை. அந்தப் பை இப்போது என்னிடம் இருக்கிறது.

போன மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் அதைப் பாயில் கொட்டிப் பார்த்தார். அடியில் இரண்டு ஓலைகள். ஒன்றில், புள்ளி வைக்காத பழைய எழுத்தில், 'தொன் பிலிப்பு' என்று இருக்கிறது. அதையடுத்து வரும் பெயரோ நல்ல சைவப் பெயர். அண்ணன் அன்றிரவே முடிவு கட்டிவிட்டார்: எங்கள் மூதாதை ஒரு போர்த்துக்கீசர். கண்ணாடியில் தன் மூக்கையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்த மூக்கு அவருக்குத் தகப்பன் வழியில் வந்தது. ஓலையோ அம்மம்மா வழியில் வந்தது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

என் கேள்வி வேறு. 1923ஆம் ஆண்டுச் சீதன உறுதியில் 'கிணற்றில் வீசம் பங்கும் துலா, பட்டை, வழி, வாய்க்கால் உரித்தும்' என்று எழுதியிருக்கிறது, அதாவது கிணற்றில் ஒரு பங்கும் தண்ணீர் இறைத்துக் கொண்டுபோகும் உரிமையும். அதே கிணற்றில் பக்கத்து வளவுக்காரருக்கும் பங்குண்டு. ஆனால் 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்று இரண்டு வீட்டிலும் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். சொந்தமில்லாதவர்கள் எப்படி ஒரே கிணற்றில் பங்கு வைத்திருப்பார்கள்? காணி மானிப்பாய்க் கோயிற்பற்றில் இருக்கிறது. இந்த உறுதிகளை எங்கேயிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கந்தோர்க் கணக்கன்:

தங்கச்சி, நான் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் 31 வருடம் உறுதி பிரதிபண்ணியவன். முதலில் அண்ணனின் ஆசையில் மண்ணைப் போட்டுவிடுகிறேன். போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தபின், ஞானஸ்நானம் பெற்ற ஊர்த் தலைமைக்காரருக்கு வந்த பட்டம் 'தொன்'. அதை வைத்து இரத்தம் சொல்ல முடியாது. 1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்த பிறகும் பட்டம் நிலைத்தது, கோயில்தான் கத்தோலிக்கத்திலிருந்து புரொட்டஸ்தாந்துக்கு மாறியது. உத்தியோகம் வேண்டுமென்றாலும், பிள்ளைகளுக்குச் சொத்து வில்லங்கமில்லாமல் போகவேண்டுமென்றாலும், கோயிற்பற்றுச் சட்டம்பியார், அதாவது பள்ளி வாத்தியார், எழுதிய பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு விரதம். 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் அந்தக் கதவு திறந்தது. உங்கள் பிலிப்புவும் அப்படி ஒருவராகத்தான் இருப்பார்.

இனிக் கிணறு. வீசம் என்றால் பதினாறில் ஒன்று. கிணறு வெட்டியவருக்கு நான்கு பெண்கள் என்றால் ஆளுக்குக் கால். அவர்களில் ஒருத்திக்கு மறுபடி நான்கு பெண்கள் என்றால் வீசம். இரண்டு, இரண்டு, நான்கு என்று மூன்று தலைமுறையிலும் அது வரும். பக்கத்து உறுதியில் என்ன பங்கு எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'அது வாங்கிய பங்கு' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். சொல்லட்டும். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி விற்கிற காணியை முதலில் கேட்கும் உரிமை வாரிசான உரித்தாளிக்கும் பங்காளிக்கும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனையைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு கூறி அறிவிக்க வேண்டும். அதையும் தாண்டிப் பிறத்தியான் கிணற்றுக்குள் இறங்குவது லேசில்லை.

தகப்பன் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், வழி தவறும். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, 12 முதலிமார் சரிபார்த்த தேசவழமை சொல்லும் பழைய வழக்கப்படி, தகப்பனின் பரம்பரைச் சொத்தான முதுசம் ஆண்களுக்கு, தாயின் சீதனம் பெண்களுக்கு. உங்கள் காணி தாயிடமிருந்து மகளுக்கு வந்திருப்பதால் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டேதான் இருக்கும். 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், மனைவி தன் காணியை எழுதிக்கொடுக்கப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். அதனால் பெண் எழுதிய உறுதியில் புருஷன் பெயரும் தானாக வந்துவிடும்.

இன்னொன்று, இது கந்தோர் இரகசியம். எல்லைப் பகுதியைப் பழைய உறுதியைப் பார்த்து அப்படியே எழுதச் சொல்வார் எங்கள் நொத்தாரிசு. இறந்து நாற்பது வருடமானவர் கிழக்கு எல்லையில் உயிரோடு இருப்பார். ஆகவே 1923ஆம் ஆண்டு உறுதியின் எல்லைகளில் இருப்பவர்கள் 1923இல் இருந்தவர்கள் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு தலைமுறை, சிலவேளை இரண்டு தலைமுறை மூத்தவர்கள். வம்சம் தேடுகிறவர்களுக்கு அந்தச் சோம்பல் பெரிய உபகாரம்.

பிறகு, 'எனக்கு உரித்தானதும் என் ஆட்சியில் இருப்பதுமான' என்று வரும் இடத்தில் முந்திய உறுதியின் இலக்கமும் ஆண்டும் இருக்கும். அதை வைத்துக் காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, தேடுங்கள்.

கொழும்புப் பேத்தி:

என் அப்பம்மா பறங்கிப் பெண். அந்தப் பக்கத்தைத் தேடிய அனுபவத்தில் சொல்கிறேன், உண்மையான ஒல்லாந்த வழி என்றால் கடுதாசியின் முகமே வேறு. புருஷனும் மனைவியும் சேர்ந்து ஒரே மரணசாதனம், அதாவது உயில், எழுதுவார்கள், ஒல்லாந்த மொழியில். உரோம டச்சுச் சட்டத்தில் சொத்து இருவருக்கும் பொது. இலங்கையில் அந்தப் பொதுவுடைமை 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போனது. ஒல்லாந்தர் ஆட்சிப் பதிவேடுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளை அச்சிட்டிருக்கிறது. அண்ணன் அங்கே தேடட்டும், அதுவரை உங்களுக்கு நிம்மதி.

வடமராட்சியான்:

ஓலையில் விலை எப்படி எழுதியிருக்கிறது, அக்கா? பவுண் என்றால் பெரும்பாலும் 1825க்குப் பின். ரூபாயும் சதமும் என்றால் 1872க்குப் பின். மரணசாதனம் தேடி நாளை வீணாக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் உயிரோடிருக்கும்போதே சீதனமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், சாகும்போது எழுத என்ன மிச்சம்?

கிணற்றடி வீட்டுக்காரி:

ஓலையில் பவுணும் இல்லை, ரூபாயும் இல்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து புழங்கிய றிக்ஸ்டாலர். கணக்கன் ஐயாவுக்கு என் கும்பிடு. 1923ஆம் ஆண்டு உறுதியின் கிழக்கு எல்லையில் ஒரு பெண்ணின் பெயரும் 'பங்குகாரரும்' என்றும் இருந்தது. இத்தனை வருடமும் அதைத் தாண்டி வாசித்திருக்கிறேன். அதிலிருந்த இலக்கத்தை வைத்து 1889ஆம் ஆண்டு உறுதியின் பிரதி எடுத்தேன். கிழக்கு எல்லையில் அதே பெயர், முன்னால் 'என் சகோதரி' என்ற இரண்டு சொற்கள். பின்னால் எழுதியவர் அதை விட்டுவிட்டார்.

பிரதியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் உறுதிப்பையை எடுத்து வந்தார். அதுவும் சீலைப்பைதான், அதே அளவு, வாய்க்கட்டு நாடா மட்டும் நீலம். அவர்களுக்கும் வீசம். கிழக்கு எல்லையில் இருந்தது அவர்களுடைய பூட்டியின் பெயர். 'அப்படியென்றால் எதற்காக இவ்வளவு காலம் பேசாமல் இருந்தோம்?' என்று கேட்டார். துலாக் கொடியைப் பற்றி ஏதோ சண்டை என்று அம்மா சொன்ன ஞாபகம். அதை நான் சொல்லவில்லை, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அண்ணனுக்கு இன்னும் எழுதவில்லை. போர்த்துக்கீச மொழி வகுப்புக்குக் காசு கட்டிவிட்டாராம்.