யூரின் ரிப்போர்ட்டில் ஆல்புமின் 1+, பஸ் செல்ஸ் 8–10: கிட்னி பாதிப்பா?

கேள்வி:
56 வயதுப் பெண், 10 வருடமாகச் சர்க்கரை. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுக்கிறார். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 118. யூரினில் ஆல்புமின் (ஒரு வகைப் புரதம்) 1+, சுகர் 3+, பஸ் செல்ஸ் (சீழ் செல்கள், அதாவது வெள்ளணுக்கள்) 8–10, எபிதீலியல் செல்ஸ் 15–20, நைட்ரைட் (சில கிருமிகள் உண்டாக்கும் பொருள்) நெகட்டிவ், ஸ்பெசிபிக் கிராவிட்டி (யூரின் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) 1.030. எரிச்சல், காய்ச்சல் இல்லை. ஆன்டிபயாடிக் வேண்டுமா? கிட்னி போய்விட்டதா?

பதில் 1:
முதலில் எபிதீலியல் வரியைப் பாருங்கள். 15–20 இருந்தால் வெளித்தோல் செல்கள் கலந்த சாம்பிள். பஸ் செல்ஸும் அந்த வழியில் வந்திருக்கலாம். தொந்தரவே இல்லாதபோது இதை நம்பி ஆன்டிபயாடிக் வேண்டாம். சாம்பிளைத் திரும்பக் கொடுங்கள். தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, பெண்ணுறுப்பின் இதழ்களை விலக்கிப் பிடித்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை 20–30 மில்லி பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. 1 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் கிருமி பெருகும், செல்கள் உடையும்.

பதில் 2:
சுகர் 3+ டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின் வேலை. ரத்தத்தில் 118 இருக்கும்போதே யூரின் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

ஆல்புமின்தான் கவனிக்க வேண்டியது. யூரினில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப், ஆல்புமினின் அடர்த்தியைத்தான் காட்டும். 1+ என்பது டெசிலிட்டருக்கு சுமார் 30 மில்லிகிராம். ஸ்பெசிபிக் கிராவிட்டி 1.030 என்றால் நன்றாகக் கெட்டிப்பட்ட யூரின், அதில் கொஞ்சம் ஆல்புமின் கசிவும் பெரிதாகத் தெரியும். காலையில் முதலில் போகும் யூரினில் ஏ.சி.ஆர் (ஆல்புமினுக்கும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம்) பாருங்கள். கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இயல்பு. 300ஐத் தாண்டினால் கசிவு அதிகம். காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ இருந்த நாளில் கொடுக்காதீர்கள். 3 முதல் 6 மாதத்தில் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது கூடுதலாக இருந்தால்தான் நிலையான கசிவு. ஸ்ட்ரிப்பில் 'நில்' (ஆல்புமின் இல்லை) என்று வந்தாலும் சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை ஏ.சி.ஆரும், ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். ஆரம்பக் கசிவை ஸ்ட்ரிப் தவறவிடும்.

கேட்டவர்:
நைட்ரைட் நெகட்டிவ் என்றால் கிருமி இல்லைதானே?

பதில் 1:
அப்படிச் சொல்ல முடியாது. ஈ.கோலை என்ற கிருமி நைட்ரைட் உண்டாக்க, யூரின் சிறுநீர்ப்பையில் 4 மணி நேரமாவது தங்க வேண்டும். என்டரோகாக்கஸ் என்ற கிருமி அதை உண்டாக்கவே உண்டாக்காது. எரிச்சலோ காய்ச்சலோ வந்தால், மருந்து தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) யூரின் கொடுத்துவிடுங்கள்.

பதில் 3:
ரிப்போர்ட்டில் 'ஆர்.பி.சி காஸ்ட்' (ரத்தச் சிவப்பணுக்கள் சேர்ந்த குழாய் வடிவத் துண்டு) என்று எழுதியிருந்தால் மட்டும் திரும்ப டெஸ்ட் எடுத்துக் காத்திருக்க வேண்டாம். அது கிட்னியின் வடிகட்டியிலிருந்தே ரத்தம் வருவதன் அடையாளம். அன்றைக்கே நெஃப்ராலஜிஸ்ட்டிடம் (கிட்னி டாக்டர்) காட்டுங்கள்.