முன்னாள் ராணுவ வீரருக்கு மனநல உதவி: கோலாலம்பூரில் யாரை அணுகலாம்?

வணக்கம் நண்பர்களே. செந்தூலில் எங்களோடு இருக்கும் என் சித்தப்பா, 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிய அமெரிக்கப் படையினரை மீட்கப் போன மலேசியக் கவச வாகனம் ஒன்றில் இருந்தவர். அந்த இரவைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். தூக்கத்தில் அலறி எழுகிறார். தீபாவளி நெருங்கினால் பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து அறையைப் பூட்டிக்கொள்கிறார். இப்போது சாப்பாடும் குறைந்துவிட்டது. சித்திதான் பாவம், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார்.

15555 ஹீல் என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம் என்றேன். "எனக்குப் பைத்தியமா?" என்று கோபப்பட்டார். பழைய படை நண்பர் யாராவது சொன்னால் கேட்பார் என்று நம்புகிறேன். சோமாலியாவில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்த நம்மவர்கள் இங்கே இருந்தால், தயவுசெய்து அவரிடம் ஒருமுறை பேசுங்கள்.

அப்புறம், அவர் ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர். வங்சா மாஜு துவாங்கு மிசான் ராணுவ மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க அவருக்கு வெட்டரன் (முன்னாள் படைவீரர்) அட்டை போதுமா, கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்திலிருந்து கடிதம் வேண்டுமா? மெந்தாரி என்ற அரசு சமூக மனநல மையங்களில் தமிழ் பேசும் ஆலோசகர் யாரையாவது தெரியுமா? மலாய் நன்றாகப் பேசுவார்தான், ஆனால் மனம் திறப்பது தமிழில்தான். விவரம் தெரிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.