யூவி விளக்கு இருக்கிற காலேஜ் லேப் வேணுமுங்க

வணக்கமுங்க. கோபி பக்கம் பன்னெண்டாவது பசங்களுக்கு உயிரியல் எடுக்கறேன். புற ஊதாக்கதிர் (யூவி) பட்டா டிஎன்ஏல அடுத்தடுத்து இருக்கிற தைமின்ங்கிற காரம் ரெண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஈ.கோலை பாக்டீரியா அதை வெளிச்சத்துல ஃபோட்டோலயேஸ் நொதியை வச்சுப் பிரிச்சு விடும். இருட்டுலன்னா பழுது பாக்கற யூவிஆர் புரதங்கள் 12, 13 நியூக்ளியோடைடு (டிஎன்ஏ இழையோட அலகு) நீளத் துண்டையே வெட்டி எடுக்கும், பாலிமரேஸ் நொதி அந்த இடத்தை நிரப்பும், லைகேஸ் நொதி ஒட்டும்.

இதைப் பசங்க கண்ணால பாக்கணுமுங்க. ஈ.கோலை தடவி ஒரே அளவு கதிர் பட்ட ரெண்டு பெட்ரி தட்டுல ஒண்ணை டியூப்லைட்டுக்கு அடியில வச்சு, இன்னொண்ணை அலுமினியத் தாள்ல சுத்திட்டா, மறுநாள் வெளிச்சம் பட்டதுல காலனி (பாக்டீரியாக் கூட்டம்) கூடுதலா முளைச்சிருக்கும்.

254 நானோமீட்டர் விளக்கு, நோய் உண்டாக்காத கே-12 வகை ஈ.கோலை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிற லேப் ஈரோடு, கோவைல ஒரு சனிக்கிழமை கிடைக்குமாங்க? மைக்ரோபயாலஜி படிச்சவங்க யாராச்சும் கூட நின்னா பெரிய உதவிங்க.