குதிக்காலில் 'உண்டு', நெறியில் 'இல்லை': எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

குப்பிழான் கடைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சுன்னாகத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். விஞ்ஞானம் ஓ.எல். வரைக்கும்தான், அதனால் பிழையாகக் கேட்டால் திருத்துங்கள்.

ஐயாவுக்கு 67 வயது. வெங்காயத் தோட்டம். செருப்புப் போட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினால் மண் கோவிக்கும் என்கிற ஆள். போன சித்திரைக்குப் பிறகு வலது குதிக்காலில் ஒரு கறுப்பு வந்தது. கால் ஆணி என்று நினைத்து சவர அலகால் தானே சீவிச் சீவி எடுத்தார். ஓரிடத்தில் காட்டினோம், பூசுமருந்து தந்தார்கள், மூன்று மாதம் பூசினோம். கார்த்திகை மழைக்குள் அது வெடித்து நீர் வடியத் தொடங்கிய பிறகுதான் பயொப்சி எடுத்தார்கள். மெலனோமா, தோலில் வரும் ஒரு கான்சர். தடிப்பு 3.2 மி.மீ., மேலே புண். தொடை இடுக்கில் நெறி (நிணநீர்க்கணு) கட்டியிருந்தது, ஒப்பரேஷனில் அதையும் எடுத்தார்கள். அதிலும் இருந்தது. ஸ்கானில் வேறு எங்கும் தெரியவில்லை.

கனடாவில் இருக்கும் சித்தப்பா பரம்பரையலகுச் சோதனைக்குக் காசு அனுப்பினார். குதிக்கால், நெறி இரண்டிலும் வெட்டிய சதையை மெழுகில் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் இந்தியாவில் ஒரு லாபுக்கு அனுப்பினோம். குதிக்கால் ரிப்போர்ட்டில் 'பிராஃப் வி600ஈ விகாரம் கண்டறியப்பட்டது, 14%' என்று இருக்கிறது. பிராஃப் ஒரு பரம்பரையலகின் பெயராம், விகாரம் என்றால் அதில் வந்த மாற்றமாம். நெறி ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை'. குளிசையா ஊசியா என்று அதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அடுத்த கிளினிக் இரண்டு கிழமையில். அங்கே எங்களுக்குப் பின்னால் அறுபது பேர் நிற்பார்கள், எல்லாவற்றையும் கேட்க முடியாது.

ஒரே ஆளின் ஒரே வருத்தத்தில் இரண்டு விடை எப்படி வரும்? லாபில் மாறிப்போய்விட்டதா? இதற்கிடையில் சித்தப்பா எங்கோ வாசித்துவிட்டு, கட்டிக்குள் விகாரங்கள் பலவகையாக இருந்தால் ஆள் தேறுவது கஷ்டமாம் என்று போனில் அழுகிறார். அது உண்மையா?

இன்னொன்று, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். 14% என்றால் 14 வீதம்தான் கான்சர் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பிழையா?

மானிப்பாய் மருமகள்:

தம்பி, மனதைத் தளரவிடாதீர்கள். எங்கள் மாமிக்கும் காலில்தான் வந்தது, ஏழு வருடமாக நன்றாக இருக்கிறா. அன்னமுன்னா இலை அவித்துக் குடிக்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள், மாமியும் குடித்தா. அதனால்தான் சுகம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஒப்பரேஷன் நேரத்தோடு நடந்தது.

பரபின் அக்கா:

தம்பி, முதல் வேலையாக அம்மாவிடம் போய்த் திருத்திச் சொல்லுங்கள். 14% என்பது கான்சரின் அளவு இல்லை, சோதித்த டிஎன்ஏயில் இருந்த பிராஃப் பிரதிகளில் எத்தனை வீதம் கெட்டுப்போனவை என்பது.

நான் 22 வருடம் திசு ஆய்வுகூடத்தில் மெழுகுக் கட்டி சீவியவள், அதுதான் இந்தப் பெயர். கட்டியை மெல்லிய நாடாவாகச் சீவி, வெந்நீரில் மிதக்க விட்டு, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவோம். நோயியல் டொக்டர் நுணுக்குக்காட்டியில் பார்த்து, கான்சர் கலங்கள் நிறைந்த இடத்தைப் பேனையால் வட்டம் போட்டுத் தருவார். அந்த வட்டத்துக்குள் இருப்பதைச் சுரண்டித்தான் டிஎன்ஏ எடுப்பது. அதற்குள்ளும் இரத்தக்குழாய், நார், நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்கள் என்று நல்ல கலங்களும் கலந்தே இருக்கும். நெறியில் இன்னும் மோசம். அது முழுக்கவே நிர்ப்பீடனக் கலங்களின் வீடு, கான்சர் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும்.

அரிசி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறோமே, அது போலத்தான். ஊசி போன இடத்து அரிசிதான் கைக்கு வரும். மூட்டையின் மற்றப் பக்கத்தில் வண்டு இருந்தால் ஊசிக்குத் தெரியாது.

லாபில் மாறவே மாறாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், மனிதர் வேலை செய்யும் இடம். ஆனால் அந்தச் சந்தேகத்துக்குப் போகுமுன் இரண்டு ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தையும் பாருங்கள். 'கட்டிக் கலங்களின் வீதம்' என்று ஒன்றும், 'கண்டறியும் எல்லை' என்று ஒன்றும் இருக்க வேண்டும். அந்த எண்களை இங்கே போடுங்கள். பெயர், இலக்கம் எதையும் போட வேண்டாம்.

குப்பிழான் கடைக்காரன்:

நன்றி அக்கா. இரண்டாம் பக்கத்தை நான் புரட்டவே இல்லை. குதிக்காலில் கட்டிக் கலங்கள் 80%. நெறியில் 15%. கண்டறியும் எல்லை இரண்டிலும் 5%. நெறி ரிப்போர்ட்டின் அடியில் 'மெலனின் அதிகம், டிஎன்ஏ தரம் நடுத்தரம்' என்றும் இருக்கிறது.

பரபின் அக்கா:

நினைத்தேன். கடைக் கணக்குத்தான் தம்பி, கொப்பியை எடுங்கள்.

ஒவ்வொரு கலத்திலும் ஒரு பரம்பரையலகுக்கு இரண்டு பிரதி உண்டு. பிராஃபில் பொதுவாக ஒரு பிரதிதான் கெட்டுப்போகும். அது செய்யும் புரதத்தின் 600ஆவது இடத்தில் வலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியது, அங்கே குளுட்டமிக் அமிலம் வந்துவிடும். ஆகவே எடுத்த துண்டு முழுக்கக் கான்சராக இருந்து, எல்லாக் கலத்திலும் விகாரம் இருந்தால்கூட எண் 50ஐச் சுற்றித்தான் வரும்.

குதிக்கால் துண்டில் கான்சர் 80. அவ்வளவுக்கும் விகாரம் இருந்தால் பாதி, அதாவது 40 வர வேண்டும். வந்திருப்பது 14. நாற்பதில் பதினான்கு. அப்படியென்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு கான்சர் கலத்தில்தான் பிராஃப் விகாரம் இருக்கிறது. மற்றவை வேறு கிளை.

இப்போது நெறி. கான்சர் 15. எல்லாவற்றிலும் விகாரம் இருந்தாலே 7.5தான் வரும். குதிக்காலைப் போல மூன்றில் ஒன்று என்றால் 2.5. சோதனையின் எல்லையோ 5. அதற்குக் கீழே இருப்பது அதன் கண்ணில் படாது. போதாததற்கு மெலனின், தோலின் கறுப்பு நிறப்பொருள். கறுத்த கட்டியில் இருந்து எடுத்த டிஎன்ஏயுடன் அது ஒட்டிக்கொண்டு வந்து, டிஎன்ஏயைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையைக் குழப்பும். மெலனோமாத் துண்டுகளோடு நாங்கள் படாத பாடு இல்லை.

ஆகவே நெறி ரிப்போர்ட் 'இல்லை' என்று சொல்லவில்லை, 'எனக்குத் தெரியவில்லை' என்கிறது. நெறியிலிருந்து வழக்கமாக ஒரு மெழுகுக் கட்டிக்கு மேல் போட்டிருப்பார்கள். கான்சர் கூடுதலாக இருக்கும் கட்டியைத் தெரிந்து திரும்ப அனுப்ப முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கிளினிக்கில் இந்த ஒரு கேள்வி போதும்.

ஒரு எச்சரிக்கை. பிரதிகளின் எண்ணிக்கை கூடிக் குறைந்திருந்தால் என் கணக்கு ஆட்டம் காணும். உள்ளங்கால் மெலனோமாவில் அது அடிக்கடி நடக்கிறது. மேலோட்டமான கணக்கு என்றே எடுங்கள்.

கோண்டாவில் டு மெல்பேர்ண்:

அக்கா கணக்கை முடித்துவிட்டா. சித்தப்பாவின் கேள்வியை நான் எடுக்கிறேன், தோல் புற்றுநோய்தான் என் ஆய்வுப் பக்கம்.

கட்டி என்பது ஒரே கலத்தின் ஒரேமாதிரிப் பிள்ளைகள் இல்லை, பிரிந்து பிரிந்து வளரும் ஒரு குடும்ப மரம் என்று அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976இலேயே எழுதிவிட்டார். அடிமரத்தில் வந்த விகாரம் எல்லாக் கிளையிலும் இருக்கும், பிந்தி வந்தது ஒரு கிளையில் மட்டும். ஐயாவின் பிராஃப் பிந்தி வந்ததுபோலத் தெரிகிறது. பல மெலனோமாக்களில் பிராஃப் அடிமரத்திலேயே இருக்கும், ஆனால் உள்ளங்கால் வகை வேறு சாதி. வெயில் படும் தோலில் வரும் மெலனோமாவில் ஏறத்தாழப் பாதிக்கு பிராஃப் விகாரம் உண்டு, உள்ளங்காலில் அது மிகக் குறைவு. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை, நம்மைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான். பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் போய்விட்டார்.

சித்தப்பா வாசித்தது முழுப் பொய் இல்லை. 2019இல் இஸ்ரேலிய விஞ்ஞானி யார்டெனா சாமுவேல்ஸின் குழு எலிகளில் காட்டியது: மெலனோமாக் கலங்கள் புற ஊதாக் கதிர் பட்டுப் பலவகையாகப் பிரிந்தபோது நிர்ப்பீடனத்தால் அடக்க முடியவில்லை. அதே கலங்களில் ஒன்றை மட்டும் எடுத்து வளர்த்த ஒருவகைக் கட்டியை எலியின் உடம்பே விரட்டியது. விகாரத்தின் எண்ணிக்கையைவிட அது எத்தனை கிளையாகச் சிதறியிருக்கிறது என்பதுதான் அங்கே வித்தியாசத்தை உண்டாக்கியது. ஆனால் அது எலி, சித்தப்பா. ஒரு ஆளின் ரிப்போர்ட்டைப் பார்த்து, 'பலவகை இருக்கிறது, ஆகவே இத்தனை வருடம்' என்று சொல்லும் அளவுகோல் இன்று எந்தக் கிளினிக்கிலும் இல்லை. மெலனோமா எந்த நிலையில் இருக்கிறது என்று பிரிக்க டொக்டர்மார் 2018இலிருந்து பாவிக்கும் விதிமுறையின் எட்டாவது பதிப்பில்கூட விகாரத்துக்கு இடமில்லை. தடிப்பு, புண், நெறி, பரவல், இவைதான். ஐயாவுக்கு முதல் மூன்றும் இருக்கிறது, அதுவே மூன்றாம் நிலை. பொறுப்பாக எடுக்க வேண்டிய நிலை. பிழைப்பவர்களின் வீதம் கேட்காதீர்கள், இந்தத் திரியை ஐயாவும் வாசிக்கக்கூடும். அந்தப் பெரிய கணக்குகளும் அனேகமாக வெள்ளைத் தோல்காரரை வைத்துப் போட்டவை.

பலவகை என்பது உங்களுக்கு முக்கியமாவது மருந்தைத் தெரியும் இடத்தில். பிராஃபுக்கான இரண்டு குளிசைகள், டப்ராஃபெனிப்பும் ட்ரமெட்டினிப்பும். ஒப்பரேஷனுக்குப் பிறகு மூன்றாம் நிலைக்காரருக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. மூன்று வருடம் கழித்து வருத்தம் திரும்பாமல் இருந்தவர்கள் 58%, வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 39%. பெரிய வித்தியாசம்தான், ஆனால் அவர்கள் எல்லோரும் பிராஃப் விகாரம் உள்ளவர்கள். மூன்றில் ஒரு கலத்தில்தான் அது இருக்கிறது என்றால் குளிசை அந்தக் கிளையை வெட்டும், மற்றது நிற்கும். ஊசி, அதாவது நிவோலுமாப் அல்லது பெம்ப்ரோலிசுமாப், பிராஃபைக் கேட்பதில்லை, நிர்ப்பீடனத்தைத் தட்டி எழுப்புகிறது. உள்ளங்கால் வகையில் அதன் வேலையும் கொஞ்சம் மந்தம்தான், மறைக்கவில்லை.

குதிக்கால் வெட்டிப் போட்டாயிற்று. இனிப் பயம், முன்பே புறப்பட்டுப் போன கலங்களைப் பற்றித்தான். அவற்றுக்குக் குதிக்காலைவிட நெறிதான் கிட்டிய சொந்தமாக இருக்கக்கூடும். அதனால் அக்கா சொன்னதுபோல நெறியைத் திரும்பப் பாருங்கள்.

குப்பிழான் கடைக்காரன்:

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். அக்கா எழுதித் தந்த கேள்வியை அப்படியே கேட்டேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் சொல்லித் தந்தது?" என்றார். அப்புறம் கடிதம் தந்தார். நெறியில் இருந்து நான்கு கட்டி போட்டிருந்தார்களாம், மூன்றாவதை அனுப்பினோம்.

நேற்று வந்தது. கட்டிக் கலங்கள் 60%. பிராஃப் வி600ஈ கண்டறியப்பட்டது, 9%. கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 60இல் பாதி 30. முப்பதில் ஒன்பது. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. கணக்குச் சரியா அக்கா?

டொக்டர் ஊசிப் பக்கம் சாய்கிறார், கூட்டத்தில் மற்ற டொக்டர்மாரோடு கதைத்துவிட்டுச் சொல்வார். ஐயாவுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கோரையை வைத்துச் சொன்னேன், மருந்தடித்தால் மற்றப் புல் கருகும், கோரை நிற்கும் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப கிழங்கு எங்க கிடக்கெண்டுதான் தேடுறாங்கள்" என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அந்த நீலச் செருப்பு எங்கே என்று கேட்டார்.

பரபின் அக்கா:

கணக்குச் சரி. செருப்பு அரை அங்குலம் பெரிதாக வாங்குங்கள், குதிக்காலில் தோல் ஒட்டியிருந்தால் உரசக்கூடாது.