பதில்: ‘ஹார்மனைசேஷன்’ – ஒத்திசைவாக்கமா, சாயல்நீக்கமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

வெவ்வேறு மருத்துவமனைகளில் எடுத்த மூளைப்படத் தரவை ஒப்பிடத்தக்கதாக்குவதை ஆங்கிலத்தில் ‘ஹார்மனைசேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் நம் குழுவின் ஐயா ஒருவர் முன்வைத்த ‘ஒத்திசைவாக்கம்’ காதுக்கு இனிய சொல். ஆனாலும் மூளைப்பட ஆய்வுக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன். மூளையைப் படமெடுக்கும் எம்ஆர்ஐயில் உள்ள ‘ஆர்’ (ரெசொனன்ஸ்) ஏற்கெனவே ‘ஒத்ததிர்வு’. இயற்பியல் பாடநூலில் ‘ஹார்மானிக் மோஷன்’ என்பதற்குச் ‘சீரிசை இயக்கம்’ வேறு இருக்கிறது. மாணவர்கள் குழம்புவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பொருளில்.

பல நாட்டு மூளைப்பட ஆய்வாளர்கள் சேர்ந்த எனிக்மா கூட்டமைப்பின் எச்ஐவி குழு 2021இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 13 ஆய்வுகளின் தரவு, எச்ஐவியுடன் வாழும் 1,203 பேர். சிடி4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தவர்களுக்கு மூளையின் பகுதிகளான ஹிப்போகாம்பஸும் தலாமஸும் சிறுத்திருந்தன. இத்தனை பேரை ஒரே மருத்துவமனையில் திரட்டுவது கடினம். பல இடங்களில் திரட்டினாலோ, ஓரிடத்தில் 1.5 டெஸ்லா காந்தப்புலம் கொண்ட கருவி இருக்கும், இன்னோரிடத்தில் 3 டெஸ்லா. ஒரே ஆளை இரண்டிலும் படுக்கவைத்தாலும் படத்தில் அளக்கும் மூளைப் பகுதியின் கன அளவு சற்று மாறும். பிள்ளையின் முகத்தில் தாய்மாமன் சாயல் தெரிகிற மாதிரி, படத்தில் அதை எடுத்த கருவியின் சாயல் இருக்கும்.

இந்தச் சாயலை நீக்க, 2007இல் மரபணு வெளிப்பாட்டுத் தரவுக்காக வந்த ‘காம்பேட்’ என்னும் புள்ளியியல் முறையை இப்போது மூளைப்படங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு படமெடுப்பு மையத்தின் அளவீடுகளும் சராசரியில் எவ்வளவு விலகுகின்றன, எவ்வளவு சிதறிப் பரவுகின்றன என்று மதிப்பிட்டு அந்த வேறுபாட்டை அது நீக்குகிறது. வயதாலும் நோயாலும் வரும் வேறுபாட்டை அது தொடக்கூடாது. ஒரு மையம் நோயாளிகளை மட்டும், மற்றொன்று நோயற்றவர்களை மட்டும் படமெடுத்திருந்தால் எது கருவியால் வந்தது, எது கிருமியால் வந்தது என்று பிரிக்கவே வழியில்லை. ‘ஒத்திசைவாக்கம்’ என்றால் எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்குவதாக ஒலிக்கிறது. அப்படி ஆக்கினால் நாம் தேடும் நோயின் தடயமும் அழிந்துவிடும். எதை நீக்குகிறோம் என்று சொல்லே சொல்லவேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: கருவியால் வரும் வேறுபாட்டுக்குக் ‘கருவிச்சாயல்’, அதை நீக்கும் ‘ஹார்மனைசேஷ’னுக்குச் ‘சாயல்நீக்கம்’.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘சாயல் நீக்கிய தரவில் தலாமஸின் கன அளவை ஒப்பிட்டோம்.’ ‘சாயல்நீக்கத்துக்குப் பிறகும் 3 டெஸ்லா படங்கள் தனியே நின்றன.’ இரண்டும் தடையில்லாமல் வருகின்றன. ‘ஒத்திசைவாக்கப்பட்ட தரவு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு புரியும்.

படமெடுக்கும் முன்பே எல்லா மையங்களும் ஒரே நெறிமுறைக்கு வருவதையும் ஆங்கிலத்தில் ‘ஹார்மனைசேஷன்’ என்ற இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதற்கு ‘நெறிமுறை ஒருமிப்பு’ போதும்.

ஒரு ஐயம் மட்டும் தீரவில்லை. வேறுபாடு கருவியால் மட்டும் வருவதில்லை. படமெடுக்கும் அமைப்புகளாலும், தலையை வைக்கும் விதத்தாலும், மென்பொருள் பதிப்பாலும் வருகிறது. இவை அனைத்தையும் ‘கருவி’ தாங்குமா, ‘மையச்சாயல்’ என்று விரிக்கலாமா? படப்பிரிவில் பணிபுரிவோர் சொன்னால் நல்லது.