இன்ஸ்ட்ரக்டர் டெஸ்டுக்கு ரிவால்வர்லயே பழகலாமா?

வேலந்தாவளத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது டெக்சாஸ், இப்ப லீவுல ஊருக்கு வந்திருக்கேன். திரும்பிப் போனதும் என்ஆர்ஏ (அமெரிக்க துப்பாக்கி சங்கம்) நடத்தற பிஸ்டல் இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ்ல சேரலாம்னு ஐடியா, அதுக்கு 15 கஜத்துல 20 ரவுண்டு சுட்டு 16 ஆச்சும் ஆறு இன்ச்சுக்குள்ள போடணும். அங்க என்கிட்ட இருக்கறது ஸ்மித் அண்ட் வெஸன் 686 ரிவால்வர், நாலு இன்ச் பேரல். ஹாமர இழுத்து வெச்சுட்டு சிங்கிள் ஆக்‌ஷன்ல சுட்டா நல்லா வருது, ஹாமர தொடாம ட்ரிகர மட்டும் இழுத்து டபுள் ஆக்‌ஷன்ல சுட்டா எல்லாம் இடது பக்கம் கீழ போய் விழுது. பேசாம ஒரு 9 எம்எம் செமி ஆட்டோ பிஸ்டல் வாங்கிடலாமா? ஊர்ல இருக்கற வரைக்கும் எப்படி பழகறதுனும் சொல்லுங்க, இங்க மாமா வீட்ல காட்டுப்பன்னிக்கு வெச்சிருக்கற பன்னெண்டு போர் துப்பாக்கிதான் இருக்கு, அதுவும் லைசென்ஸ் அவரு பேர்ல, கேக்கவே முடியாது.

நகரி_எக்ஸ்போலீஸ்:
வலது கையா தம்பி?

வேலந்தாவளத்தான்:
ஆமாங்க சார்.

நகரி_எக்ஸ்போலீஸ்:
அப்ப சந்தேகமே இல்ல, விரல் மட்டும் வேலை செய்யாம மொத்த கையும் சேந்து இறுக்குது, கூடவே சத்தத்துக்கு முன்னாடியே முனைய கீழ அமுக்கறீங்க. டபுள் ஆக்‌ஷன்ல ட்ரிகர் அஞ்சு கிலோ கிட்ட வரும், அத ஆடாம இழுக்க வந்துட்டா செமி ஆட்டோ ட்ரிகர் எல்லாம் ஒண்ணுமே இல்ல, அதனால ரிவால்வர விடாதீங்க. பக்கத்துல ஒருத்தர நிறுத்தி நீங்க பாக்காம நாலு குண்டு, ரெண்டு டம்மினு (வெடிக்காத போலி தோட்டா) கலந்து சிலிண்டர்ல போடச் சொல்லுங்க. டம்மி வர்றப்ப டிக்னு சத்தம் மட்டும் வரும், முன் சைட்டு (பேரல் முனைல குறி பாக்கற முள்ளு) பொசுக்குனு இறங்கறத நீங்களே கண்ணால பாப்பீங்க. எங்க ரெக்ரூட்டுங்க பாதி பேருக்கு அது நம்பவே முடியாது. இன்னொண்ணு, பாதில நிறுத்தி குறி பாத்து மறுபடி இழுக்கற பழக்கம் வேணாம், ஒரே சீரா இழுங்க.

கோவை_ஏர்பிஸ்டல்:
சார் சொன்னது சரிதாங்க, ஆனா அவரு ஊர்ல என்ன பண்ணுவாரு? ப்ரோ, .177 ஏர் பிஸ்டல் 20 ஜூலுக்கு கீழ இருந்தா லைசென்ஸ் வேணாம், 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ்ல இருக்கு. ட்ரிகர் அரைக் கிலோதான், அதனால டபுள் ஆக்‌ஷன் இழுப்பு இதுல வராது, ஆனா முன் சைட்ட மட்டும் பாக்கறது, சுட்ட அப்புறமும் கைய இறக்காம நிக்கறது ரெண்டும் செமையா செட் ஆகிடும். குண்டு பேரல விட்டு மெதுவா போறதால கைய சீக்கிரம் இறக்குனா அட்டைலயே தெரியும்.

டல்லாஸ்_மாப்ள:
686ல .357 தோட்டா போட்டு ஏங்க கஷ்டப்படணும், அதுலயே போற .38 ஸ்பெஷல் வாட்கட்டர் (முனை தட்டையான குண்டு) போடுங்க, உதைப்பும் கம்மி, அட்டைல பஞ்ச் பண்ண மாதிரி வட்டமா ஓட்டை விழும், எண்ணறதும் ஈசி. சுட்டு முடிச்சு சேம்பர (சிலிண்டர்ல தோட்டா உக்கார்ற ஓட்டை) மட்டும் நல்லா ப்ரஷ் போடுங்க, .38 தோட்டாவோட கூடு குட்டைங்கறதால அது முடியற எடத்துல கரி வளையமா புடிச்சுக்கும், அப்புறம் .357 போட்டா உள்ள போகாம மக்கர் பண்ணும். அப்புறம் கோர்ஸ்ல ரிவால்வர், செமி ஆட்டோ ரெண்டையும் லோட் பண்ணி காலி பண்ணி சொல்லிக் குடுக்க வரணும், அதனால 9 எம்எம் ஒண்ணு வாங்கத்தான் வேணும், இல்லனா ரேஞ்சுல வாடகைக்கு எடுங்க. செமி ஆட்டோ பிஸ்டல புடிக்கற மாதிரி இடது கட்டைவிரல முன்னாடி நீட்டி பழகிட்டு அப்படியே ரிவால்வர தொடாதீங்க, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல சூடான வாயு பீச்சும், விரல் போயிடும்.

வேலந்தாவளத்தான்:
சூப்பர், எல்லாருக்கும் நன்றி. அடுத்த தடவ வர்றப்ப டம்மி ரவுண்டு கொஞ்சம் பெட்டில போட்டு எடுத்துட்டு வரலாமா?

நகரி_எக்ஸ்போலீஸ்:
வேணவே வேணாம் தம்பி. ஸ்கேனர்ல தோட்டா மாதிரி ஒண்ணு தெரிஞ்சா டம்மியா நெசமானு நின்னு பேசிட்டு இருக்க மாட்டாங்க, ஃப்ளைட் போயிடும். நெசமான தோட்டா ஒண்ணே ஒண்ணு மறந்து பையில கிடந்து ஆர்ம்ஸ் ஆக்ட்ல கேஸ் ஆனவங்க நிறைய பேரு. ரேஞ்சுக்கு கொண்டு போற பைய ஊருக்கு எடுத்துட்டே வராதீங்க.